நடுவில் ஒன்று

“நாலு பேர்ல யாருன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். வேற ஒண்ணும் வேண்டாம்.”

பால்சாமி இப்படிக் கேட்டுக்கொண்டே பாறையேறி வந்தது பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். அவரவர் நிழல் அவரவர் காலடிக்குள் சுருண்டு கிடக்கிற உச்சிப் பொழுது.

ஜெபக்கனி டீச்சர் வாசல் நிலையைக் காட்டினார்.

நிலையில், தோள் உயரத்தில் ஒரு செம்புத் தகடு. உள்ளங்கை அகலம். அதிலிருந்து ஒரு கம்பி இறங்கி மண்ணுக்குள் போயிருந்தது.

“தொட்டுட்டு வாங்க அண்ணாச்சி.”

பால்சாமிக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷமாக அடுத்தவர்களைத் தொடச் சொல்லியே பிழைத்தவர் அவர். பட்டாசு ஆலையில் போர்மேன். பட்டாசுக்குள் திணிக்கிற பொடிக்கு அந்தப் பக்கத்தில் மருந்து என்று பெயர். மருந்து அறைக்குள் போகிறவர் யாரானாலும் செருப்பைக் கழற்ற வேண்டும். தகட்டில் கையை வைக்க வேண்டும். உடம்பில் ஏறிக் கிடக்கிற மின்சாரம் கம்பி வழியே மண்ணுக்குப் போன பிறகுதான் உள்ளே கால் வைக்கலாம்.

“இங்க என்ன மருந்தா கிடக்கு?” என்றார்.

தொடாமல், செருப்போடு உள்ளே வந்தார்.

டீச்சர் இரண்டாவது முறை சொல்லவில்லை.

*

அந்தக் கட்டடமும் ஒரு காலத்தில் மருந்துக் கிடங்காக இருந்ததுதான். வெடித்தால் ஊருக்குச் சேதம் வரக் கூடாது என்று மூன்று மைல் தள்ளி மொட்டைப் பாறைமேல் கட்டியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டிக் கண்ணாடி பதித்த ஒரு திறப்பு, அவ்வளவுதான் வெளிச்சம். கதவைச் சாத்தினால் காற்று நின்றுவிடும். காக்கை கூட அங்கே உட்காருவதில்லை.

டீச்சருக்கு நாற்பது வயது இருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவர், ஒரு நாள் சாக்பீஸ் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். ஏன் வந்தார் என்று கேட்டவர்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்தார்.

எதைக் கேட்டாலும் அவரிடம் கிடைப்பது கணக்குத்தான். புருஷனை விட்டுப் போய்விடலாமா என்று கேட்டு வந்த ஒருத்திக்கு, ஒரே ஆணியில் இரண்டு நூல்களில் தொங்கும் உருண்டைகள் எவ்வளவு தூரம் விலகி நிற்கும் என்ற கணக்கைக் கொடுத்து அனுப்பினார். மூன்று வாரம் கழித்து அவள் விடையோடு வந்தாள். கேள்வி மறந்துபோச்சு டீச்சர் என்றாள்.

பால்சாமியின் கேள்வி மறக்கிற கேள்வி இல்லை.

மாசிக் கடைசியில் பதினோராம் நம்பர் அறை வெடித்தது. உள்ளே நான்கு பேர். அய்யம்மாள், சோலையப்பன், பொன்னுத்தாய் மூவரும் போய்விட்டார்கள். குருவம்மாள் மட்டும் ஆஸ்பத்திரியில் இரண்டு கைகளிலும் கட்டோடு கிடக்கிறாள்.

பால்சாமிக்கு முதுகு வெந்தது. இடது காது அவிந்துபோனது. தன் ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழுந்தது வரை அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் வேப்பமரத்தடி. நடுவில் ஒன்றும் இல்லை.

தீக்குச்சி இல்லை, ஒயர் இல்லை, யாரோ ஒருவர் உடம்பில் சேர்ந்திருந்த மின்சாரம் பொறியாகி மருந்தில் பட்டிருக்கிறது என்று விசாரணைக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். யார் உடம்பு என்பதைப் போர்மேன் எழுதிக் கொடுக்க வேண்டும். அவருக்குச் சிரமம் வைக்காமல் மேனேஜரே எழுதிக் கொண்டுவந்துவிட்டார். குருவம்மாள் நைலான் சேலை கட்டி வந்ததே காரணம் என்று. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்.

போட்டால் குருவம்மாள் மேல் வழக்கு. கைக்கட்டை அவிழ்க்கிற அன்றைக்கே விலங்கு.

இதையெல்லாம் பால்சாமி நின்றபடியே சொல்லி முடித்தார்.

“தெரியாம போட மாட்டேன் டீச்சர். தெரிஞ்சா போட்டுருவேன். கணக்குப் போட்டா தெரியும்னு சொல்றாங்களே.”

“தெரியும்” என்றார் டீச்சர். “உட்காருங்க.”

*

அங்கே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலி. பால்சாமி அதில் உட்கார்ந்தார். அவருடைய ஆபீசிலும் இதே மாதிரி ஒன்றுதான். டெரிலின் சட்டை ஒயரில் உரசி முறுமுறுத்தது. டீச்சர் நூல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு கல்தரையில் உட்கார்ந்தார்.

சுவரில் சாக்பீசால் எழுதினார்.

‘சதுரத்தின் நான்கு மூலைகளில் சமமான நான்கு மின்னூட்டங்கள். நடுவில் ஒன்று. ஏதாவது ஒரு மூலையில் இருப்பதன் மீது எவ்வளவு விசை?’

பால்சாமி இரண்டு தடவை வாசித்தார். போர்மேன் பரீட்சை எழுதி முப்பது வருஷமாகிறது.

“ஊட்டம்னா? சத்து மாதிரியா?”

“சோறு ஊட்டுவோம்ல, அந்த ஊட்டுதான். தானா வராது. யாராச்சும் ஊட்டணும்.”

பிறகு டீச்சர் ஒரு தகர டப்பாவைத் திறந்து நான்கு நெட்டி உருண்டைகளை எடுத்தார். மாலை கட்டுவார்களே, அந்த நெட்டி. கொண்டைக்கடலை அளவு. ஊதினால் பறக்கும். ஒவ்வொன்றையும் ஒரு பட்டு நூலில் கட்டி, விட்டத்திலிருந்து நெஞ்சுயரத்துக்குத் தொங்கவிட்டார். தரையில் வரைந்த சதுரத்தின் நான்கு மூலைகளுக்கும் நேரே. நடுவில் ஓர் ஆள் நிற்கலாம்.

“பேர் வைங்க அண்ணாச்சி.”

பால்சாமிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வைத்தார். வாசல் பக்கத்து மூலை அய்யம்மாள். அவள் உட்காரும் இடம் அதுதான். அவளுக்கு எதிர் மூலை குருவம்மாள். மற்ற இரண்டும் மற்ற இருவர்.

போதும், கிளம்பலாம் என்று எழுந்தார்.

நான்கு உருண்டைகளும் அவர் பக்கம் திரும்பின.

திரும்பின என்றால், நூல் சாய்ந்தது. கொஞ்சந்தான். யாரோ உள்ளே வந்தால் வேலை செய்கிறவர்கள் தலையைத் தூக்கிப் பார்ப்பார்களே, அவ்வளவு.

“காத்து” என்றார் பால்சாமி.

டீச்சர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். உருண்டைகளுக்கு நடுவில் புகுந்து இந்தப் பக்கம் வந்தார். ஒன்றும் அசையவில்லை. திரும்ப அந்தப் பக்கம் போனார். அசையவில்லை.

பால்சாமி ஓர் எட்டு வைத்தார். நான்கும் அவரோடு வந்தன.

அவர் முன்கை மயிர் எழுந்து நின்றது. செத்தவர்களின் பெயரை இப்படி விளையாட்டாக வைத்திருக்கக் கூடாது என்று நினைத்தார்.

டீச்சர் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நீட்டினார். பால்சாமி வாங்கக் கையை நீட்டியதும் விரல் நுனியில் சுரீர் என்றது. கையை உதறினார்.

“என்ன டீச்சர், உங்க டம்ளருக்குப் பல்லு முளைச்சிருக்கா?”

சொன்ன பிறகு அவருக்கே வியப்பாக இருந்தது. அப்படிப் பேசுகிற ஆளில்லை அவர். யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி இருந்தது. எங்கே, எப்போது என்று பிடிபடவில்லை.

“பல்லு டம்ளருக்கா?” என்றார் டீச்சர்.

*

வீட்டில் மகளின் பழைய பாடப்புத்தகம் ஒன்று கிடந்தது. மகள் கட்டிக்கொடுத்த ஊரில் இருந்தாள். அவள் பென்சிலில் கோடு போட்ட இடங்களையே பிடித்துக்கொண்டு பால்சாமி படித்தார்.

ஒரே இனம் ஒன்றையொன்று தள்ளும். வேறு இனம் இழுக்கும். தூரம் இரண்டு மடங்கானால் விசை நாலில் ஒன்றாகிவிடும். அந்தக் கடைசி வரி அவருக்கு ஆறுதலாக இருந்தது. அவர் எப்போதுமே தள்ளி நிற்பவர்.

பக்கத்தைப் புரட்டினால் தாள் துணுக்குகள் அவர் கைமயிரோடு ஒட்டிக்கொண்டு வந்தன. ஊதினார். போகவில்லை. வழித்துவிட்டால் விரலுக்கு மாறின.

வியாழக்கிழமை விடையோடு பாறையேறினார். தகட்டைப் பார்த்தார். தொடாமல் உள்ளே போனார்.

அய்யம்மாள் இருந்த மூலையைத்தான் எடுத்திருந்தார். பக்கத்து மூலைகள் இரண்டு, எதிர் மூலை ஒன்று. மூன்று அம்புக்குறிகள். மூன்றையும் கூட்டி ஒரே அம்பாக்கி, வர்க்கமூலமெல்லாம் போட்டு, விடையைச் சுற்றிக் கட்டம் கட்டியிருந்தார்.

டீச்சர் தாளை வாங்கி ஒரு தடவை பார்த்தார்.

“இல்லை.”

பால்சாமி நாற்காலியில் உட்கார்ந்து மறுபடி போட்டார். பெருக்கலைச் சரிபார்த்தார். அதே விடை வந்தது. எழுந்தார். நீட்டினார்.

“இல்லை.”

அவருக்கு எரிச்சல் வந்தது. மடித்து வைத்திருந்த இன்னொரு தாளை எடுத்தார். அதில் குருவம்மாளுக்கு மட்டும் மூன்று மடங்கு போட்டிருந்தார். அம்பு அவள் மூலையிலிருந்து கிளம்பி அய்யம்மாள் மேல் பாய்ந்தது.

“இதாவது சரியா?”

“கணக்குல சமம்னு இருக்கே அண்ணாச்சி.”

“நைலான் சேலைன்னா கூடத்தான இருக்கும்?”

“நைலான் சேலைய யாரு பாத்தா?”

மேனேஜர் சொன்னதாகச் சொன்னார். மேனேஜர் அறைப் பக்கம் வந்தாரா என்று டீச்சர் கேட்டார். வரவில்லை என்றார். காலையில் வாசலில் உடுப்பைச் சோதனை போடுவது யார் என்று கேட்டார். நான்தான் என்றார். அன்றைக்கும் போட்டீர்களா என்றார். போட்டேன் என்றார்.

“அவ என்ன சேலை?”

“ஞாபகம் இல்ல. ஆனா நைலான்னா நான் உள்ள விட்டிருக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவர் மாதிரி நின்றார்.

எழுந்ததிலிருந்து நான்கு உருண்டைகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. குருவம்மாள் என்று பெயர் வைத்தது சாய்ந்த அளவுக்கே மற்ற மூன்றும் சாய்ந்திருந்தன.

“இதுங்க ஏன் டீச்சர் என்னையே பாக்குது?”

“கேளுங்களேன்.”

“செத்தவங்ககிட்ட என்னத்த கேக்கறது?”

“ஒண்ணு உயிரோடதான இருக்கு.”

பால்சாமி கேட்கவில்லை. டம்ளரையும் வாங்காமல் இறங்கிப் போனார்.

*

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு வந்தார். மேனேஜர் கொடுத்த தாள் சட்டைப்பையில் இருந்தது. கீழே ரோட்டில் ஆலையின் ஜீப் நின்றது. ஐந்து மணிக்கு முன்னால் வாங்கிப் போக ஆள் காத்திருந்தான்.

அன்றைக்கு வெயிலில் ஈரமே இல்லை. உதடு வெடித்தது. பாறைச் சூட்டில் காலை வைக்க முடியாது. அதனால் செருப்போடு வருவதில் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டே படி தாண்டினார்.

நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

“ஏழு தடவை போட்டுப் பாத்துட்டேன் டீச்சர். மூணு அம்பு. அதுக்கு மேல வர மாட்டேங்குது. நீங்க வச்சிருக்கிற விடைதான் தப்பு.”

“நடுவுல ஒண்ணு இருக்கே.”

பால்சாமி சுவரைப் பார்த்தார். சிரித்தார். அவருக்குத் தெரிந்த இடம் அது.

“அது கணக்குல சேராது. சோதனை மின்னூட்டம்னு புத்தகத்துலயே போட்டிருக்கு. மத்தது எப்படி இருக்குன்னு பாக்க வச்சது. அது யாரையும் தள்ளாது, அசைக்காது. நம்ம வேலை மாதிரிதான் டீச்சர். நானும் சோதனைக்குப் போறவன்தான.”

டீச்சர் சிரிக்கவில்லை.

“நான் சோதனைன்னு எழுதினேனா?”

நடுவில் ஒன்று. அவ்வளவுதான் எழுதியிருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்படித்தான் எழுதியிருந்தது.

“சரி, சோதனைன்னே வச்சுக்குவோம். சோதனைக்கு வைக்கிறது எவ்வளவு இருக்கலாம்னு போட்டிருக்கு?”

“ரொம்பச் சின்னதா.”

“ரொம்பன்னா?”

மகள் பென்சிலில் கோடு போட்டிருந்த வரி அது. பால்சாமி ஒப்பித்தார். அது வந்தது மற்றவற்றுக்குத் தெரியவே கூடாது. அவ்வளவு சின்னதாக.

“உங்களோடது எவ்வளவு அண்ணாச்சி?”

பால்சாமிக்குக் கேள்வி விளங்கவில்லை. வலது காதைத் திருப்பினார். டீச்சர் சதுரத்தின் நடுவைக் காட்டினார்.

அவர் எழுந்தார். டெரிலின் சட்டை ஒயரிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது. நான்கு நூல்களுக்கும் நடுவில் போய் நின்றார்.

நான்கும் வந்தன. ஒவ்வொரு மூலையிலிருந்தும், ஒன்றுபோல, அவரை நோக்கி. கதவு சாத்தியிருந்தது. மூச்சு விடுகிற சத்தம் அவருடையது மட்டும்தான் கேட்டது.

அவர் டீச்சரைப் பார்த்தார். “நீங்க வந்து நில்லுங்களேன்.”

“நான் நின்னா அசையாது. பாத்தீங்கள்ல?”

“ஏன்?”

டீச்சர் வேறொன்று கேட்டார். “வேலை நேரத்துல ரூம் வாசலுக்கு வந்தா என்ன செய்வீங்க?”

“உள்ள போக மாட்டேன். வெளியேதான் நிப்பேன். உள்ள போறவனுக்குத்தான தகடு, வெறுங்காலு, நூல் சட்டை எல்லாம்.”

“நின்னு?”

“சீக்கிரம் ஆகட்டும்பேன்.”

“வாயால மட்டுமா?”

அவர் கை தானாகப் போனது. பக்கத்தில் இருந்த உருண்டையை, ஒரு தோளைத் தட்டுவது போல, இரண்டு விரலால் தட்டினார். முப்பது வருஷப் பழக்கம்.

உருண்டை அவர் விரலோடு ஒட்டியது. ஒரு கணம். பிறகு சட்டென்று விட்டு விலகித் துள்ளியது.

அது வாசல் பக்கத்து மூலை.

பால்சாமி கையை நீட்டினார். உருண்டை பின்னால் போனது. இன்னும் நீட்டினார். நூல் எவ்வளவு சாயுமோ அவ்வளவு சாய்ந்து விலகி நின்றது. மற்ற மூன்றும் இன்னும் அவரைப் பார்த்தபடியே இருந்தன. இது மட்டும் அவர் எந்தப் பக்கம் போனாலும் எதிர்ப் பக்கம் போனது.

“ஏன் விலகுது?” என்றார் டீச்சர்.

அந்தக் கேள்விக்குப் பால்சாமிக்கு விடை தெரியும். நன்றாகப் படித்த மாணவனைப் போலச் சொன்னார். “எங்கிட்ட இருந்ததுல கொஞ்சம் அதுக்குப் போயிருச்சு. இப்ப ரெண்டும் ஒரே இனம். அதான் தள்ளுது.”

“எப்பப் போச்சு?”

“தட்டும்போது.”

“உங்ககிட்ட இருந்தது உங்களுக்குத் தெரிஞ்சதா?”

“எப்படித் தெரியும்? தன்னோடது தன்னைத் தள்ளாது டீச்சர். தன்னோடது தனக்குத் தெரியவே தெரியாது. புத்தகத்துலயே...”

நிறுத்தினார்.

டீச்சர் தரையில் உட்கார்ந்திருந்தார். குரல் தாழ்ந்தே இருந்தது.

“அன்னைக்குக் காலு எங்க இருந்துச்சு அண்ணாச்சி?”

“வாசலுக்கு வெளியே.”

“கை?”

*

ஆபீஸ் நாற்காலி முறுமுறுத்தது. கேட்டில் லாரி ஹாரன் அடித்தது. சரக்கு ஏறவில்லை என்று மேனேஜர் போனில் கத்தினார். பால்சாமி எழுந்து விறுவிறுவென்று நடந்தார். ரப்பர் செருப்பு. டெரிலின் சட்டை. பதினோராம் நம்பர் வாசல். தகடு இடது பக்கம் இருந்தது. அவர் வலது பக்கம் நின்றார்.

அய்யம்மாள் மரப்பலகையில் சம்மணமிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். மருந்து சலிக்கிறவள். பித்தளைச் சல்லடையை அப்போதுதான் கீழே வைத்திருந்தாள்.

அவர் கால் வெளியேதான் இருந்தது. உடம்பை மட்டும் வளைத்து உள்ளே கையை நீட்டி, அவள் தோளைத் தட்டினார்.

விரல் நுனியில் சுரீர் என்றது.

அய்யம்மாள் தோளைக் குலுக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள்.

“என்ன அண்ணாச்சி, உங்க கைக்குப் பல்லு முளைச்சிருக்கா?”

அவரும் சிரித்தபடி திரும்பினார். முதுகுக்குப் பின்னால் அவள் சல்லடையை எடுக்கக் கையை நீட்டியிருப்பாள்.

*

பால்சாமி நின்ற இடத்திலேயே நின்றார். கூரைத் திறப்பிலிருந்து விழுந்த வெளிச்சம் சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலைக்கு நகர்ந்திருந்தது. கீழே ரோட்டில் ஜீப்காரன் ஒரு தடவை ஹாரன் அடித்தான்.

“நாலு பேர்ல யாருன்னு கேட்டீங்க” என்றார் டீச்சர்.

பால்சாமி சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். கல்தரையில் குனிந்து, முழங்காலில் வைத்துப் பிரித்தார். பேனா இல்லை. டீச்சர் கொடுத்தார்.

‘சம்பவத்தின்போது அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்’ என்று தொடங்கியிருந்தது. நான்கை அடித்தார். மேலே ஐந்து என்று எழுதினார்.

குருவம்மாள் என்ற பெயர் வந்த இடத்துக்குப் போனார். அதையும் அடித்தார். நைலான் சேலை என்பதை அடித்தார். அந்த இடத்தில் தன் பெயரை எழுதினார். தகப்பன் பெயரோடு, போர்மேன் என்று போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார். எழுத்துகளில் ஒன்றிரண்டு மட்டும் வரிசையில் மேலும் கீழுமாக நின்றன.

பிறகு இன்னொரு தாளை எடுத்தார். ஏழு தடவை போட்ட கணக்கு. அய்யம்மாள் மூலையில் மூன்று அம்புகள் இருந்தன. நடுவிலிருந்து நாலாவது ஒன்றை வரைந்தார். எல்லாவற்றையும் விட நீளமாக அதுதான் வந்தது.

டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார். இல்லை என்று சொல்லவில்லை.

பால்சாமி வெளியே போனார். செருப்பை வாசலுக்கு அப்பால் கழற்றிப் போட்டார். பாறை சுட்டது. செம்புத் தகட்டில் வலது உள்ளங்கையை வைத்தார். சுரீர் என்றது. கையை எடுக்கவில்லை. சுடுகிற பாறையில் நின்றபடி வெகுநேரம் வைத்திருந்தார்.

பிறகு வெறுங்காலோடு உள்ளே வந்து, சதுரத்தின் நடுவில் நின்றார்.

மூன்று உருண்டைகள் நேராகத் தொங்கின. அவர் இந்தப் பக்கம் ஓர் எட்டு வைத்தார். அவை அசையவில்லை. யாரும் உள்ளே வராத மாதிரி இருந்தன.

அய்யம்மாள் மட்டும் மெல்லத் திரும்பி, அவரிடம் வந்தாள்.